பட்டினி போடாத பூச்சிகள்

மகனே,

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். இந்த வாரத்தில் ஒரு அப்பா தன் மகனுக்கு எழுதுகிற கடிதம் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும். நான் எழுத உட்கார்ந்தது உன்னைத் திட்டுவதற்கு. நேரிலேயே திட்டியிருப்பேன். வீடு முழுக்க உறவுக்காரர்கள். நான் வாயைத் திறந்தாலே உன் அம்மா கண்ணால் அடக்குகிறாள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீ ஊரறிய எழுதினாய். அதற்கு நான் சமையலறைக்குள் நின்று பதில் சொன்னால் அது பதிலாகாது. எழுதி முடித்ததும் இதை உன் கையில் தருவேன். எங்கே எழுதினாயோ அதே பக்கத்தில், அதற்கு நேர் கீழே, ஒரு வரி விடாமல் இதைப் போட வேண்டும்.

நீ எழுதியதைப் படிக்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கையில் சாக்பீஸுடன் நான் நிற்கிற படத்தைப் போட்டாய். 'இவர் என் அப்பா' என்று ஆரம்பித்தாய். 'தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நகரத்துக்குப் போய் வந்த ஓர் இளம் ஆய்வு மாணவர், நான் பிறந்த வருடத்தில், ஒரு பூச்சியின் உடம்பில் ஒரு செடியின் மரபணு இருப்பதைக் கண்டார். அவருடைய நெறியாளர் நம்பவில்லை, எல்லோர் முன்னாலும் கேலி செய்தார், மாதிரிகளைக் கொட்டச் சொன்னார். இன்று உலகமே அதை ஒப்புக்கொள்கிறது. நெறியாளர் பெருங்களத்தூரில் நிம்மதியாக ஓய்வெடுக்கிறார். என் அப்பா பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வுக்குப் பாடம் நடத்துகிறார். தைரியம் இருந்தால் அந்த மனிதர் என் கல்யாணத்துக்கு வந்து என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.' இதுதான் நீ எழுதியது. அவர் பெயரையும் போட்டாய். எத்தனை பேர் அதைப் பகிர்ந்தார்கள் என்று பார்ப்பதை மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். எழுபத்தெட்டு வயதுக்காரரைத் திருடன் என்றும் கிழட்டு நரி என்றும் முகம் தெரியாதவர்கள் திட்டியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே அவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். 'ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.'

அவர் கேட்கக் கூடாது. அதைத் தடுப்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதை உனக்குப் புரிய வைக்க வேண்டுமானால் முதலில் அந்த விஷயத்தையே சொல்ல வேண்டும். நீ கணினிக்காரன், என் வாயிலிருந்து விழுந்த கதையாக மட்டுமே அதை அறிந்திருக்கிறாய். மரபணு அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வரும், மேலிருந்து கீழே. என் வகுப்பில் நான் நடத்துவதும் அதைத்தான். ஆனால் அது பக்கவாட்டிலும் தாவும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு உயிர்களுக்கு நடுவே, கலப்பு இல்லாமல், கர்ப்பம் இல்லாமல், ஒரு துண்டு இங்கிருந்து அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளை மாதிரியே பரம்பரை பரம்பரையாக இறங்கும். பாக்டீரியாக்கள் இதைத் தினசரி செய்கின்றன. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பூச்சி, செடி, மாடு, மனிதன் போன்ற சிக்கலான உடம்புகளில் இது நடக்காது என்றுதான் என் காலத்தில் பெரியவர்கள் சத்தியம் செய்தார்கள். பல்லி, பாம்பு வகைகளிலும் பசுமாட்டிலும் ஒரே மாதிரி மரபணுத் துண்டு இருக்கிறது. இரண்டையும் கடித்த உண்ணி வழியாகத் தாவியிருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். நீ உன் அம்மா வயிற்றில் இருந்தபோது உன்னையும் அவளையும் சேர்த்து வைத்திருந்த நச்சுக்கொடி இருக்கிறதே, அது உருவாகத் தேவையான ஒரு மரபணு என்றைக்கோ ஒரு வைரஸிடமிருந்து நம் முன்னோர் உடம்புக்குள் வந்தது. என் ரத்தம், என் வம்சம் என்று பந்தலில் மார்தட்டப் போகிற நம் உறவுக்காரர்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் சாப்பாடு இறங்காது.

இப்போது அந்த மனிதரைப் பற்றி. நான் அவரைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. அவரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. நான்கு வருடம் அவர் ஆய்வகத்தில் இருந்தேன். ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் தாம்பரம், இங்க வா" என்பார். மற்றவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. எனக்கு ஒரு ரயில் நிலையம். நான் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "உன் இங்கிலீஷ் கிண்டி வரைக்கும் கூட வராது போலருக்கே" என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். அவர் மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டிருக்கிறேன். என் வேலையை அவர் பெயரோடு சேர்த்து வெளியிட்ட கட்டுரையில் என் பெயர் நான்காவதாக வந்தது. இதையெல்லாம் நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்றுக்காக அவர் மேடையேறி மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் நானே மைக்கைத் துடைத்துக் கொடுப்பேன்.

எங்களுக்கு வேலை வெள்ளை ஈயோடு. கத்தரி, வெண்டை இலைகளின் அடியில் மாவு தூவியது போல் அப்பிக்கிடக்குமே, அதுதான். பூச்சிமருந்தை அது எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது ஆய்வு. அந்த ஆய்வகத்தில் மாற்ற முடியாத சட்டம் ஒன்று இருந்தது. வயலிலிருந்து பிடித்து வந்த பூச்சியை அப்படியே அரைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க இலையே காட்டாமல் சர்க்கரைத் தண்ணீரில் மட்டும் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பட்டினி போடுவது என்று பெயர். ஏனென்றால் அதன் வயிற்றிலும் காலிலும் செடி இருக்கும். அதோடு அரைத்தால் நீ பார்ப்பது பூச்சியையா, அது தின்ற செடியையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்றைக்கு வியாழக்கிழமை. மரபணுவைப் பெருக்குகிற இயந்திரம் எங்கள் தளத்துக்கே ஒன்றுதான். பதிவேட்டில் பெயர் எழுதி முறை வாங்க வேண்டும். என் முறை அன்று மதியம். விட்டால் இரண்டு வாரம் கழித்து. முன்னால் பிடித்து வைத்திருந்த என் பூச்சிகள் செத்துப்போயிருந்தன. என்னோடு ஆய்வு செய்த சாதிக்கை உனக்குத் தெரியும். இப்போது பம்மலில் தன் அப்பாவின் தோல் கையுறைப் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறாரே, உன் சாதிக் மாமா. அவர் ஸ்கூட்டரில் காலையிலேயே கோவிலம்பாக்கம் போனோம். இன்று உன் மாமனார் வீடு இருக்கிற தெருவுக்கு அந்தப் பக்கம் அப்போது கத்தரி வயல். கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சிப் பூச்சி பிடித்தேன். பதினொரு மணிக்கு ஆய்வகம். மதியம் அரைத்துவிட்டேன். மாதிரிக் குழாயின் மேல் பழக்கப்படி பூச்சி பிடித்த தேதியை எழுதினேன். குறிப்பேட்டிலும் பழக்கப்படி வழக்கமான வரியை எழுதினேன்: 'ஒரு நாள் பட்டினி.' பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. கை தானாக எழுதியது. ஆனால் அந்த வரியை அடிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகும் அடிக்கவில்லை. அதற்குப் பெயர் பொய்தான்.

அந்தச் சோதனையில் செடியின் மரபணு ஒன்றையும் தேடுவோம். அது இருந்தால் ஜெல் தகட்டில் ஒரு கோடு விழும்; இலை மாதிரியில் விழ வேண்டும். பூச்சி மாதிரியில் விழக் கூடாது. பூச்சியில் இலை கலக்கவில்லை என்று காட்டுவதற்காகவே அதை ஓட்டுவது. புற ஊதா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பூச்சிக்கு நேரே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. கலந்துவிட்டது என்று எந்த முதல் வருட மாணவனும் சொல்வான். எனக்கு இருபத்தேழு வயது, பெயர் இல்லாதவன், வீட்டில் ஆறு மாதக் குழந்தையாக நீ. எனக்கு அந்தக் கோடு வேண்டியிருந்தது. செடியின் மரபணு பூச்சிக்குத் தாவியிருக்கிறது என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னேன்.

நெறியாளர் அந்தக் கோட்டின் படத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. "என்னப்பா தாம்பரம், வெள்ளை ஈ கத்தரிச் செடியைக் கட்டிக்கிச்சா? எந்த மண்டபத்துல?" என்றார். அறையே குலுங்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "முதல்ல போய்க் கையைக் கழுவு" என்றார். அன்று மாலையே உறைபெட்டியிலிருந்த வெள்ளை ஈ மாதிரிகள் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். என் கையாலேயே கொட்ட வைத்தார். மூன்று மாதத்தில் ஆய்வை விட்டு வந்துவிட்டேன். யாரும் என்னை விரட்டவில்லை. நானாக, கதவை அறைந்துவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் வந்து, "என்னை நம்பலை" என்று மட்டும் சொன்னேன். அவள் கேள்வி கேட்கவில்லை. "அந்த ஆளு நல்லா இருப்பானா" என்றபடி உன்னைத் தூளியில் போட்டாள்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இருபத்தெட்டு வருடக் கதை முளைத்தது. பட்டினி பற்றிய பேச்சு அதில் வரவே இல்லை. நீ எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு இந்தக் கதையை எழுதிக்கொண்டு போனாய். நான் எழுத்துப்பிழை திருத்தினேன், கதையைத் திருத்தவில்லை. ஊரடங்கு சமயத்தில், வெளிநாட்டு ஆய்வாளர்கள் வெள்ளை ஈயில் செடியிலிருந்து வந்த மரபணு இருப்பதை வெளியிட்டபோது நான் குதித்த குதி உனக்கு நினைவிருக்கும். மைசூர்பாகு வாங்கி வந்து கூடத்தில் வைத்து உன் வாயில் ஊட்டினேன். நீ, "அப்பா, இது நீங்க கண்டுபிடிச்சதேதானா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அதே இல்லை. அவர்கள் சொன்ன மரபணு வேறு; நான் தேடியது வேறு. என் கோடு எதனுடையது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. பொதுவாகச் சொன்னதில் உலகம் என் பக்கம் வந்தது. நான் காட்டிய கோட்டுக்கு எந்தச் சாட்சியும் இல்லை. வழிமுறை இல்லாமல் சரியான விடை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு நான் என்ன மதிப்பெண் போடுவேன் என்று என் மாணவர்களைக் கேட்டுப் பார். பூஜ்யம். அதற்காகப் பெற்றோர்கள் தலைமையாசிரியரிடம் போய் என்னைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

உன் பதிவு வந்த நாலாவது நாள் சாதிக் பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். வண்டியை நிறுத்தாமலே ஆரம்பித்தார்.

"இன்னா மச்சான், உன் புள்ள இன்னா எழுதி வச்சிக்கீறான்? ஊரே அந்த மனுசனைக் காறித் துப்பினு கீது."

"துப்பட்டும். கொஞ்சமாடா பேசினான் அவன்?"

"பேசினான். நான் இல்லன்னு சொல்லலியே. என்னிய ஆட்டுத்தோலுன்னான். அதுக்கு அவனை நாலு சாத்து சாத்து, நானும் வர்றேன். ஆனா இது வேற மச்சான். காலைல பூச்சி புடிக்க உன்னிய இட்டுனு போனது நான்தானே? மத்தியானம் அரைச்சிட்டே. எந்தப் பட்டினி? டீக்கடைல நாமதான் பட்டினி."

"இப்ப அதுக்கென்னடா?"

"அதுக்கின்னாவா? அந்த ஆளு வந்து உன் கால்ல வுழப் போறான், நீ சும்மா பாத்துகினு நிப்பியா? நான் அந்தப் பந்தில உக்காந்து பிரியாணி துன்ன மாட்டேன்."

"எங்க வீட்டுக் கல்யாணத்துல ஏதுடா பிரியாணி? சைவம்."

"அப்ப சுத்தமா வர மாட்டேன் போ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன் சம்மந்தி கல்யாண மேடைல உனக்குச் சால்வ போத்தப் போறாராமே. எப்டி மச்சான் போத்திக்குவே?" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் மதிய வகுப்பில் ஒரு பெண்ணைக் காரணமில்லாமல் வெளியே நிறுத்தினேன். சாதிக் இருபத்தெட்டு வருடமாக அதைத் தெரிந்தே வைத்திருந்தார், ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தச் சால்வை விஷயம் அவர் சொன்னபடிதான். உன் மாமனார் உன் பதிவைப் படித்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு, "சம்பந்தி, இவ்ளோ பெரிய மனுஷனா நீங்க, ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்று பத்து நிமிடம் பேசியவர். நிச்சயதார்த்தத்தில் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை மொட்டை மாடிக்குப் போய் நெறியாளருக்குப் போன் செய்தேன். அப்படியே தருகிறேன்.

"யாரு?"

"நான்தான் சார்."

"தாம்பரமா?" என்றார். குரல் மெலிந்திருந்தது, அந்தத் திமிர் அப்படியே இருந்தது. "உன் பையன் நல்லா எழுதறான்யா. உன்னைவிட நல்லா."

"நீங்க ஞாயித்துக்கிழமை மன்னிப்பெல்லாம் கேக்கக் கூடாது சார்."

"ஏன்? அவன்தானே கூப்பிட்டான்."

"நான் அந்தப் பூச்சிங்களைப் பட்டினி போடலை. நோட்டுல எழுதினது பொய்."

"தெரியும்."

அவரே தொடர்ந்தார். "குழாய் மேல பூச்சி பிடிச்ச தேதியை நீயே போட்டிருந்த. மெஷின் பதிவேட்டுலயும் அதே தேதி. நோட்டுல மட்டும் ஒரு நாள் பட்டினி. கூட்டத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சார் கேக்கலை? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" கத்தினேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

"கேட்டா நீ ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா நான் எழுதி மேல அனுப்பணும். பொய் எழுதினவன்னு பேர் வந்துட்டா எவன் சேத்துப்பான்? உனக்குக் கைக்குழந்தை வேற. அதான் கையைக் கழுவுன்னு சிரிச்சு முடிச்சேன்."

அவர் என்னை அவமானப்படுத்தினார் என்றுதான் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது கருணையாம். நான் கேட்காத கருணை. தனியறைக்குக் கூப்பிட்டு, 'இது பொய், மறுபடி செய்' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒழுங்காகச் செய்திருப்பேன். கோடு விழுந்திருக்கும், அல்லது விழாமல் போயிருக்கும். எதுவானாலும் எனக்குத் தெரிந்திருக்கும். என்னை மன்னித்ததைக்கூட எனக்குச் சொல்லாமல் செய்ய அவர் யார்? "அப்ப எதுக்கு சார் மன்னிப்புக் கேக்க வர்றீங்க? நான் பொய் எழுதினதுக்கா?" என்றேன்.

"உறைபெட்டியைக் கொட்டச் சொன்னதுக்கு" என்றார். "அதுல மத்த பசங்க பிடிச்ச பூச்சியும் இருந்துது. ஒழுங்கா பட்டினி போட்டது. அதுல ஒரு தடவை ஓட்டிப் பாத்திருக்கலாம். ரெண்டு நாள் வேலை. உன் மேல இருந்த எரிச்சல்ல எல்லாத்தையும் கொட்டச் சொன்னேன். அது தப்பு. அது உனக்குப் பண்ண தப்பு மட்டும் இல்ல."

என் மனக்குறையைவிட அவருடைய மன்னிப்பு துல்லியமாக இருந்தது. அதுவும் என்னைக் கொதிக்க வைத்தது. போனை வைக்கப் போகிற நேரத்தில் அவர் கேட்டார்: "நீ அப்புறம் செஞ்சு பாத்தியா?"

"இல்ல சார்."

"இத்தனை வருஷத்துலயா? ஏன்யா?"

போனை வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நம் வீட்டுச் செம்பருத்தியிலேயே வெள்ளை ஈ மொய்க்கிறது. உன் அம்மா வாரம் ஒரு முறை வேப்பெண்ணெய் தெளிக்கிறாள். நான் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் மூன்று பேர் இன்று ஆய்வகங்களில் இருக்கிறார்கள். ஒரு டப்பாவில் பிடித்து, ஒரு நாள் பட்டினி போட்டுக் கொடுத்தால் ஒரே வாரத்தில் விடை சொல்லிவிடுவார்கள். ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கோடு விழாமல் போனால் என்ன செய்வது என்ற பயம். விழாவிட்டால் நான் அநியாயத்துக்கு ஆளானவன் இல்லை. அவசரக்காரன், பொய்யன், அவ்வளவுதான். அன்று கூட்டத்தில் அவர் சிரித்தபோது எனக்கு அவமானத்தோடு இன்னொன்றும் இருந்தது: தேதியைப் பற்றிக் கேட்கவில்லையே என்ற நிம்மதி. அந்த நிம்மதியை மூடி மறைக்கத்தான் இத்தனை கோபமும் தேவைப்பட்டது. அந்தக் கோபத்தை உனக்கும் ஊட்டி வளர்த்தேன். நீ அதை உன்னுடையது என்று நினைத்து ஒரு வயோதிகர் முகத்தில் எறிந்தாய். பக்கவாட்டில் வந்தது என்று இதற்கு மட்டும் என்னால் சாக்குச் சொல்ல முடியாது. நேராக என்னிடமிருந்துதான் வந்தது.

உன் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. எழுதுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? ஆச்சரியப் பரிசாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றாய். கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். நீ கேட்டிருக்க வேண்டும். அன்பு இருக்கிறது என்பதற்காக விசாரிக்காமல் விடாதே. கல்யாணத்துக்கு வேறு புத்திமதி என்னிடம் இல்லை. உன் மனைவி ஒரு நாள் உன்னிடம் தேதி பொருந்தாத ஒன்றைச் சொல்வாள். நீயும் அவளிடம் சொல்வாய். அப்போது பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போகாதே. உட்கார வைத்துக் கேள். அவள் உன்னைக் கேட்காமல் விட்டால், தப்பித்தோம் என்று மூச்சு விடாதே. நீயே போய்ச் சொல். அன்றைக்கே சொன்னால் இரண்டு நாள் வேலையோடு முடிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியவை. உன் பதிவை அழிக்காதே; அழித்தால் அவரைத் திட்டியவர்கள் திட்டியது அப்படியே நிற்கும், நீ மட்டும் கழன்றுகொள்வாய். இதை அதன் கீழே போடு. அவர் வரட்டும், முதல் பந்தியில் சாப்பிடட்டும். அவருக்கு மைக் கிடையாது. மேடை உங்கள் இருவருடையது. இரண்டு கிழவர்களின் கணக்கைத் தீர்க்கிற இடம் அது இல்லை. அவருக்கும் எனக்கும் பேச இன்னும் இருக்கிறது. என் பெயரை நான்காவதாகப் போட்டதிலிருந்து ஆரம்பிப்பேன்.

சால்வையைப் பற்றி நீ யாரிடமும் பேச வேண்டாம். இன்று காலை நானே கோவிலம்பாக்கம் போய் உன் மாமனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "சரிங்க" என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து காபி வந்தது, குடித்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவர் பார்த்த பார்வையோடுதான் பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோவில் வந்தேன், அதோடுதான் இதை எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு நீயும் அப்படித்தான் பார்ப்பாய் என்றால் பார். ஞாயிறு முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. நான் ஏழு மணிக்கே மண்டபத்துக்கு வந்துவிடுவேன். என்னை எங்கே நிற்க வைப்பது என்று நீ முடிவு செய்.

அப்பா